புயல் மாசமும் திருவருகைக் காலமும்: முன்னேற்பாடு செய்வது விசுவாசக் குறைவா?

தங்கச்சிமடம்_அன்பியம்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

ராமேசுவரம் தீவில் எங்கள் அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு) 30 வீடு. திருவருகைக் காலத்து (கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய வாரங்கள்) நாலு வாரக் கூட்டத்துக்கும் தலைப்பு 'விழிப்பாயிருத்தல்'. முதல் கூட்டத்திலேயே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "நாளைக்காகக் கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 6:34). அரிசியையும் தண்ணியையும் சேர்த்து வைத்துக்கொண்டு புயலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது விசுவாசக் குறைவு" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். இளவட்டங்களோ, "முதலில் கயிறு, அப்புறம் செபமாலை" என்கிறார்கள். இரண்டு பக்கமும் மனதாரத்தான் பேசுகிறது.

வீடுகளில் பாதி ஷீட் கூரை, சில ஓலை. பத்து வீட்டில் வத்தை (நாட்டுப்படகு) அல்லது பைபர் படகு இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்கள் நாலு பேர். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க ஒரே தாளில் குறிப்பு தயாரிக்க வேண்டும்: ஒரு பக்கம் வீடும் படகும், மறுபக்கம் ஆன்ம காரியம். "கவனமாக இருங்கள்" என்று பொதுவாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எவ்வளவு, எப்போது, எது தவறிப்போகும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வத்தைக்காரர்

தம்பி, அந்தப் பெரியவர்களுக்கு முதலில் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள். பவுல் போன கப்பல் உடைந்த கதை. கடற்கரைச் சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் வேதத்தில் கிடையாது.

நோன்பு நாளும் கடந்து, பயணத்துக்கு ஆகாத பருவம் வந்துவிட்டது. போக வேண்டாம் என்று பவுல் எச்சரிக்கிறார். படை அதிகாரியான நூற்றுவர் தலைவர் அதைக் கேட்காமல் மாலுமியையும் கப்பல் முதலாளியையும் நம்புகிறார். தென்றல் மெல்ல வீசியதும், நினைத்தது நடந்துவிட்டது என்று நங்கூரத்தைத் தூக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று. நம்ம வாடைக்கொண்டல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம்ம கரையிலும் இதே தவறுதான் நடக்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பார்கள், காலையில் கடல் பாய் விரித்த மாதிரி கிடக்கும், "ஒரு பாடு போட்டுட்டு வந்திடலாம்" என்று ஒருவர் கிளம்ப, அவர் பின்னால் நாலு பேர் போவார்கள்.

முக்கியமான இடம் இனிமேல்தான். கப்பலில் இருந்த 276 பேரில் ஒரு உயிரும் போகாது என்று வானதூதர் பவுலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் யாராவது கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்களா? நடுச்சாமத்தில் ஆழம் பார்த்தார்கள்: 20 பாகம் (ஒரு பாகம் 6 அடி), கொஞ்ச தூரம் போய் 15 பாகம். பாறையில் மோதிவிடும் என்று பின்புறத்திலிருந்து நாலு நங்கூரம் இறக்கினார்கள். பின்புறம் ஏன் என்றால், முன்னணியத்தில், அதாவது முன்முனையில், கட்டினால் கப்பல் காற்றுக்குத் திரும்பிவிடும். விடிந்ததும் கரையில் ஏற்றுவதற்கு முகம் கரையைப் பார்த்தே இருக்க வேண்டும். மாலுமிகள் சிறு படகில் நைசாக நழுவப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது" என்று சொன்னவரும் வாக்கு வாங்கிய அதே பவுல்தான். வாக்கு ஒரு பக்கம், நங்கூரம் ஒரு பக்கம் என்று அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை.

இனி படகுப் பக்கம்.

பாம்பனில் ஏற்றும் கூண்டின் எண்ணைப் புரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1 என்றால் தூரக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு. 2 என்றால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசலாம். 4 என்றால் புயல் துறைமுகத்தைத் தாக்கக்கூடும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். தாளில் 'கூண்டு 1: இன்றே கயிறு பார்' என்று போடுங்கள். 3 வந்த பிறகு கயிறு வாங்கக் கடைக்கு ஓடினால் நேரம் போதாது.

தண்ணியில் நிறுத்தும் படகுக்கு, ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டி அதைப்போல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். 2 பாகத் தண்ணி என்றால் 12 அடி, அணிய உயரம் 3 அடி, ஆக 15 அடி. ஏழு மடங்கு 105 அடி, கிட்டத்தட்ட 18 பாகம். கயிறு நீளமாக இருந்தால்தான் இழுவை படுக்கையாக விழுந்து நங்கூரம் மண்ணுக்குள் இறங்கும். குட்டையாக விட்டால் ஒவ்வொரு அலையும் நங்கூரத்தைச் செங்குத்தாகப் பிடுங்கும். புயலில் கடல் மட்டமே ஏறும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். நங்கூரத்தை ஒட்டி ஒன்றிரண்டு பாகம் இரும்புச் சங்கிலி சேர்த்தால் கயிறு அடித்தரையில் உரசி அறுவது குறையும். பாரில் (கடலடிப் பாறையில்) மாட்டும் நாலு கொக்கி நங்கூரம் நம்ம தீவுக்கு வடக்கே உள்ள வடகடல் சேற்றிலும் மணலிலும் உழுதுகொண்டே போகும். அதை மட்டும் நம்பக் கூடாது.

கயிறு பெரும்பாலும் அறுவது விளிம்பில் உரசும் இடத்தில்தான். அந்த இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபையோ சாக்கையோ சுற்றிக் கட்டுங்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும் என்பதால் ஒட்டுப்போட்ட கயிறு புயலுக்கு ஆகாது. நைலான் இழுபட்டு நீண்டு அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். விலை குறைந்த பிளாஸ்டிக் கயிறு வெயில் பட்டுப் பொடிந்துபோகும். கையில் முறுக்கிப் பார்த்தால் தூள் உதிரும். உதிர்ந்தால் அது துணி காயப்போடத்தான்.

இன்னொன்று, பக்கத்துப் படகோடு நெருக்கிக் கட்டாதீர்கள். நம்ம வடகடல் ஆழம் குறைவு, அலை குட்டையாக, செங்குத்தாக, அடிக்கடி வரும். வாடையில் இரண்டு படகு மோதினால் இரண்டுமே போகும்.

பைபர் படகை உயர்நீர்க் கோட்டுக்கு மேலே, மணல்மேடு தாண்டி ஏற்றிவிடுங்கள். இன்ஜினைக் கழற்றி வீட்டில் உயரத்தில் வையுங்கள். அடித்தக்கையை (அடித்துளை அடைப்பை) பிடுங்கி விடாவிட்டால் மழைத்தண்ணி நிரம்பி அந்தக் கனத்திலேயே படகு பிளக்கும். பனையின் அடித்தூரில் கட்டலாம். சாயக்கூடிய தென்னையில் கட்டினால் மரமே படகு மேல் விழும்.

கடலில் இருக்கும்போது தேவைப்படுவது தனிக்கணக்கு. டீசலை மூன்றாகப் பிரியுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, கைவசம் ஒன்று. வடிகட்டியில் தண்ணி தேங்கியிருக்கிறதா என்று கிளம்புமுன் திறந்து பாருங்கள். இன்ஜின் பாதிக்கடலில் நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆளுக்கொரு மிதவைச் சட்டை வேண்டும், அது பலகைக்கு அடியில் கிடக்காமல் உடம்பில் இருக்க வேண்டும். வி.எச்.எப். 16-ஆம் சானல், கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் படகுக்குள் பெயிண்டில் எழுதிவிடுங்கள்.

---

மண்டபம்_ஞாயிறுபள்ளி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மத்தேயு 6:34 பற்றி மட்டும் சொல்கிறேன் தம்பி.

அங்கே 'கவலை' என்று வரும் கிரேக்கச் சொல்லே லூக்கா 10:41-லும் வருகிறது, மார்த்தாளைப் பார்த்து "அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்படுகிறாய்" என்கிற இடத்தில். மனம் பல பக்கம் இழுபடும் நிலையைத்தான் அது குறிக்கிறது. களஞ்சியத்தில் தானியம் வைப்பதை அந்தச் சொல் தொடவில்லை. தொட்டிருந்தால் ஆதியாகமம் 41-ல் யோசேப்பு செய்ததைப் பாவம் என்றல்லவா சொல்ல வேண்டும்? வரப்போகும் பஞ்சத்துக்காக ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தவர் அவர். பார்வோனின் சொப்பனத்துக்கு அர்த்தம் சொன்னதோடு நிற்காமல், உடனே அளவையும் ஆளையும் இடத்தையும் சொன்னார்.

அந்த ஐந்தில் ஒன்று நம்ம கரைக்கும் பொருந்தும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பங்கு பிரிந்து கைக்கு வரும் பணத்தில் ஐந்தில் ஒன்றை அன்றைக்கே தனி டப்பாவில் போட்டால், நல்ல பாடு கிடைக்கும் மாதங்கள் மோசமான மாதங்களைத் தாங்கும். "மிச்சம் இருந்தால் சேர்ப்போம்" என்றால் மிச்சமே இருக்காது. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது தேதி சொல்லிவிட்டு வரும் பஞ்சம், யோசேப்புக்குத் தெரிந்த மாதிரி நமக்கும் முன்கூட்டியே தெரியும். நிவாரணம் 8,000 ரூபாய் கிடைக்கிறது என்றாலும் 61 நாளுக்கு வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 131 ரூபாய்தான். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் அரசுகளின் பங்கும் சேர்ந்து 4,500 திரும்பும். இடையில் தவணையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதை இழக்கிறார்கள். கூட்டத்தில் அட்டையை எடுத்து வரச் சொல்லிச் சரிபாருங்கள்.

ஆனால் இளவட்டங்களுக்கும் ஒரு வார்த்தை. லூக்கா 12-ல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவான் தனக்கென்று மட்டும் சேர்த்தான். அவன் பேச்சு முழுக்க 'என் தானியம், என் களஞ்சியம்'. யோசேப்பு எல்லாருக்கும் திறந்துவிட்டார். முன்னேற்பாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க இதுதான் அளவுகோல். உங்கள் தாளில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.

---

தங்கச்சிமடம்_அன்பியம்

வத்தைக்கார அண்ணே, 27-ஆம் அதிகாரத்தை இந்த வாரமே எடுத்துக்கொள்கிறேன். ஐயா, ஐந்தில் ஒன்று கணக்கும் தாளில் வரும்.

தண்ணி, மருந்து, கூரை பற்றி யாராவது சொல்லுங்கள். ஷீட் மேல் மணல்மூட்டை போட்டால் போதுமா? படுக்கையில் இருக்கிறவர்களில் இரண்டு பேர் இன்சுலின் போடுகிறவர்கள்.

---

கரையோரச்_செவிலி

மணல்மூட்டை மட்டும் போதாது. ஷீட் கூரையைக் காற்று மேலிருந்து அமுக்குவதில்லை. கூரை மேல் வேகமாக ஓடும்போது அது ஷீட்டை மேலே உறிஞ்சும், உடைந்த சன்னல் வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். ஒரு மூட்டை உருண்டால் அந்த மூலை தூக்கும், அதோடு மற்றதும் கிளம்பும். ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டுகளில் துருப்பிடித்ததை மாற்றுங்கள், ஓரங்களிலும் மூலைகளிலும் நெருக்கமாகப் போடுங்கள். ஓலைக் கூரைக்குப் பழைய வலையை மேலே விரித்து நாலு பக்கமும் தரையில் ஆழமாக அடித்த முளையில் கட்டலாம். இதெல்லாம் செய்தாலும் ஓலை வீட்டிலும் ஷீட் வீட்டிலும் புயல் இரவில் தங்கக் கூடாது, பேரிடர் மையத்துக்கோ காங்கிரீட் கட்டடத்துக்கோ போயாக வேண்டும். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வராதீர்கள். கண் பகுதி கடந்துகொண்டிருக்கலாம். அது நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும், முதலில் மறைவாக இருந்த சுவர்தான் அப்போது அடி வாங்கும்.

தண்ணிக் கணக்கு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர். ஐந்து பேர், ஐந்து நாள் என்றால் 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. கரண்டு போனால் காவிரித் தண்ணி பம்பும் நின்றுவிடும் என்பதால் கூண்டு 1 ஏறியதுமே நிரப்புங்கள். பெரிய தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம், கலக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். கேனுக்குக் குளோரின் மாத்திரை, அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி. மண்டியான தண்ணியில் குளோரின் வேலை செய்யாது, வெள்ளை வேட்டியில் வடிகட்டிய பிறகே போடுங்கள்.

கிணற்றிலோ ஊற்றிலோ கடல் தண்ணி ஏறிவிட்டால் காய்ச்சினாலும் குளோரின் போட்டாலும் உப்பு போகாது. பதறிப்போய் மோட்டார் போட்டு விடாமல் இறைத்தால் இன்னும் கெடும். நம்ம தீவில் நல்ல தண்ணி மணலுக்குள் மெல்லிய படலமாகக் கிடக்கிறது, வேகமாக இறைத்தால் அடியில் இருக்கும் உப்புத் தண்ணி மேலே ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, மழை ஊறவிட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு ஐந்து பேருக்கு ஐந்து நாளுக்கு 10 கிலோ அரிசி வேண்டும். ஆனால் முதல் இரண்டு நாள் அடுப்பே மூட்ட முடியாது. அதற்கு அவல் 2 கிலோ, பொரிகடலை, கருப்பட்டி. வயிற்றுப்போக்கு வந்தால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணியில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கைப்பிடியால் அள்ளிப் போடாதீர்கள்.

இன்சுலின்: பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்ன மண்சட்டி, சட்டிக்குள் மூடிய டப்பாவில் மருந்து, மேலே ஈரத்துணி. பானை காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும். மழைக்கால ஈரக்காற்றில் இது கொஞ்சம்தான் குளிரும், ஆனாலும் வெறும் அலமாரியைவிட மேல். ஐஸ் மேல் நேரடியாக வைத்து உறைந்துவிட்டால் அந்த மருந்து கெட்டது, உருகிய பிறகும் போடக் கூடாது. சுகர், பிரஷர் மாத்திரைகள் இரண்டு வாரத்துக்குக் கைவசம் இருக்கட்டும், சீட்டின் நகல் மருந்தோடு. ஆதார், ரேஷன் அட்டை, மீனவர் அடையாள அட்டை, படகுப் பதிவு எல்லாம் ஒரே கெட்டி பிளாஸ்டிக் உறையில் போட்டு, எடுத்துக்கொண்டு ஓடும் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

---

ஓரியூர்_மறைக்கல்வி

தாளின் மறுபக்கத்துக்கு நான் எழுதுகிறேன்.

திருவருகைக் காலம் தொடங்குவது நவம்பர் 30-க்கு, அதாவது புனித அந்திரேயா திருநாளுக்கு, மிக அருகில் வரும் ஞாயிறு. அந்திரேயா மீனவர் என்பதை நம்ம பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துங்கள். அந்த முதல் ஞாயிற்று நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியில் மாறும்: ஒரு ஆண்டு மத்தேயு 24-ல் நோவா காலத்து வெள்ளம், ஒரு ஆண்டு மாற்கு 13-ல் வாயில் காவலர், ஒரு ஆண்டு லூக்கா 21-ல் கடல் கொந்தளிப்பின் முழக்கம். இந்த வாசகங்கள் நமக்கு வாடை வீசும் நேரத்தில்தான் வந்து விழுகின்றன. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன 1964 டிசம்பர் 22 இரவும் திருவருகைக் காலத்தின் கடைசி வாரம்தான். அங்கே சுவராக நிற்கும் கோவிலில் கிறிஸ்து பிறப்புக்கு அப்போது மூன்றே நாள் இருந்தது.

மணமகனை எதிர்கொள்ள விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியர் உவமையை (மத்தேயு 25) எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பத்துப் பேருமே தூங்கிவிட்டார்கள். அறிவிலிகள் தூங்கினார்கள், முன்மதியுள்ளவர்கள் விழித்திருந்தார்கள் என்று நாம் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறோம். வித்தியாசம் எண்ணெய்ப் பாத்திரம் ஒன்றுதான். அதை முன்கூட்டியே நிரப்பியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இது பெரியவர்கள் சொல்லும் 'கவலைப்படாதே' என்பதற்கும் இளவட்டங்களின் கயிறுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறது. எண்ணெய் கேட்டவர்களுக்கு முன்மதியுள்ளவர்கள் சொன்ன "எங்களுக்கும் உங்களுக்கும் போதாமல் போகலாம்" என்ற பதிலைக் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அரிசியைக் கடன் கொடுக்கலாம், ஒப்புரவை (பாவசங்கீர்த்தனத்தில் பெறும் மன்னிப்பை) கடன் கொடுக்க முடியாது.

அதனால் செய்ய வேண்டியவை. ஒப்புரவு அருட்சாதனத்தை டிசம்பர் 23, 24-க்குத் தள்ளாதீர்கள். வரிசை நீளும், சாமிக்கு (குருவுக்கு) ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காது. முதல் இரண்டு வாரத்தில் அன்பியத்துக்கு ஒரு மாலை என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அதற்கு முன் சண்டையில் இருப்பவர்கள் பேசி முடிக்க வேண்டும். வலைப் பங்கிலோ வரப்பிலோ வருஷக்கணக்காகப் பேசாமல் இருப்பவர்கள் மத்தேயு 5:24-ஐ வாசித்துவிட்டு வரட்டும், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்ற இடம்.

படுக்கையில் உள்ள நாலு பேருக்கும் நோயிற்பூசுதலை (நோயாளிக்குக் குரு எண்ணெய் பூசும் அருட்சாதனத்தை) இப்போதே கேளுங்கள். மூச்சு இழுக்கும்போதுதான் சாமியைக் கூப்பிட வேண்டும் என்று இன்னும் பல வீட்டில் நினைக்கிறார்கள். நோயாலோ முதுமையாலோ ஆபத்தில் இருக்கத் தொடங்கும்போதே பெறலாம், நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். நினைவு இருக்கும்போது பெற்றால் அவர்களே செபத்துக்குப் பதில் சொல்வார்கள், பாவசங்கீர்த்தனமும் செய்யலாம். புயல் இரவில் ரோடு அடைத்துவிட்டால் சாமியால் வரவே முடியாது. சாமி வரும் நாளில் சுத்தமான வெள்ளைத்துணி விரித்த சின்ன மேசை, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுத்திரி, ஒரு டம்ளர் தண்ணி, கொஞ்சம் பஞ்சு தயாராக இருக்கட்டும். டிவியை முன்னாலேயே அணைத்துவிடுங்கள். நோயாளிக்கு நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் கட்டாயமில்லை, மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

பிறந்த குழந்தை உயிராபத்தில் இருந்து குருவும் இல்லாவிட்டால், யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஊற்றுபவரே சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் ஆகாது. பிறகு பங்கில் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பதிவேடு என்றதும் இதையும் சேர்க்கிறேன்: திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வைக்கச் சாமியிடம் சொல்லுங்கள். உப்புக்காற்றில் தாள் ஏற்கெனவே பொடிந்துகொண்டிருக்கிறது, கீழ்த்தட்டில் இருந்தால் ஒரு வெள்ளத்துக்குக்கூடத் தாங்காது.

---

வத்தைக்காரர்

மேலே சொன்னதோடு இன்னொன்று. எச்சரிக்கைக்குக் கோவில் மணியையும் மைக்கையும்தான் நம்பியிருக்கிறோம். கரண்டு போனால் மைக் ஊமை. பேட்டரியில் ஓடும் கை ஒலிபெருக்கி ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை சார்ஜ் பார்க்க ஒரு ஆளை வையுங்கள். திருநாள் மணி வேறு, சாவு மணி வேறு, புயல் மணி வேறு என்று இப்போதே பேசி முடிவு செய்து ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்.

---

தங்கச்சிமடம்_அன்பியம்

சரி அண்ணே. படுக்கையில் இருக்கிற நாலு பேருக்கும் தலைக்கு இரண்டு ஆள், ஒரு கயிற்றுக்கட்டில், ஒரு ஆட்டோ என்று பேர் குறித்துத் தாளில் போடுகிறேன். அந்த இரண்டு பேரும் அன்றைக்குக் கடலில் இருந்தால் என்ன செய்வது?

---

கரையோரச்_செவிலி

அந்த வேலைக்குக் கடலுக்குப் போகாதவர்கள் பேரை எழுதுங்கள் தம்பி. பெண்களே தூக்கலாம். கட்டிலை நாலு மூலையிலும் நாலு பேர் பிடித்து, தலைப்பக்கம் முன்னால் போகாமல் கால்பக்கம் முன்னால் போகிற மாதிரித் தூக்கினால், தலைமாட்டில் இருப்பவருக்கு நோயாளியின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். கூட்டம் முடிந்ததும் ஒருநாள் வெறுங்கட்டிலை வைத்து வாசற்படியில் இறக்கிப் பாருங்கள். பல வீட்டில் கட்டில் வாசலுக்குள் நுழையாது.